ஹெட் வேர்டு கண்டுபிடிப்பது எப்படி? பத்துக்கு ஐந்து தப்பாகிவிட்டது

அடுப்படி மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தொலைதூரக் கல்வியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன், இப்போது 2ஆம் ஆண்டு. கதை, கவிதைத் தாள்களை எப்படியோ சமாளித்துவிடுகிறேன், இந்த இலக்கணத் தாள்தான் கழுத்தறுக்கிறது. அசைன்மென்டில் பத்து ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்து ஒவ்வொன்றிலும் ஹெட் வேர்டை அடிக்கோடிடச் சொன்னார்கள். திரும்பி வந்த தாளில் ஐந்துக்குச் சிவப்புச் சுழி, ஏன் தப்பு என்று ஒரு வரிகூட இல்லை. போன் போட்டுக் கேட்டால் புத்தகத்தைப் பாருங்கள் என்கிறார்கள், புத்தகத்தைத் திறந்தால் ‘தொடரில் முக்கியமான சொல்தான் ஹெட்’ என்று ஒரே வரி. எது முக்கியம் என்று யார் முடிவு செய்வது?

நான் தப்பு விட்டவை இவைதான்.

தி ஓல்டு மேன் வித் எ வுடன் லெக். நான் கோடு போட்டது லெக்.
வெரி ஃபாண்ட் ஆஃப் ஸ்வீட்ஸ். ஸ்வீட்ஸுக்குப் போட்டேன்.
ரைட் அக்ராஸ் தி ரோடு. ரோடு.
எ கப் ஆஃப் டீ. டீ. குடிப்பது டீயைத்தானே, கப்பையா குடிக்கிறோம்?
தி வெரி புவர். இதில் பெயர்ச்சொல்லே இல்லையே என்று நானே பீப்பிள் என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதற்குக் கோடு போட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள்.

சரியாக வந்தவை: எ பியூட்டிஃபுல் ரெட் சாரி (சாரி), மை அங்கிள்ஸ் நியூ கார் (கார்), கொயட் ஸ்லோலி (ஸ்லோலி), தி கிச்சன் டோர் (டோர்), எக்ஸ்ட்ரீம்லி ஹாட் (ஹாட்). இவை ஏன் சரி என்றும் எனக்குத் தெரியாது, குருட்டாம்போக்கில் வந்ததுதான்.

சேலத்து மாம்பழம் எழுதியது:

சிஸ்டர், இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, எனக்கு கோச்சிங்கில் சொல்லிக் கொடுத்தது. தொடரில் முதல் பிரிபொசிஷன் எங்கே வருகிறதோ அங்கேயே வெட்டிவிடுங்கள், அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் ஹெட். வித் வருகிறதா, வெட்டு, மிச்சம் தி ஓல்டு மேன், ஆக மேன். ஆஃப் வருகிறதா, வெட்டு, எ கப், ஆக கப். அவ்வளவுதான், 2 செகண்டில் முடிந்துவிடும்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் எழுதியது:

மாம்பழம் தம்பி, உங்கள் கத்தி பாதி இடத்தில்தான் வெட்டும். ‘தி பாய் ஸ்டாண்டிங் நியர் தி கேட்’ என்று கொடுத்தால் நியருக்கு முன்னால் நிற்பது ஸ்டாண்டிங், ஆனால் ஹெட் பாய். ‘ஆன் அவுட் ஆஃப் டேட் மேப்’ என்றால் ஹெட் கடைசியில் இருக்கிற மேப், உங்கள் கத்தியோ ஆஃபிலேயே வெட்டி அவுட்டைக் கையில் கொடுத்துவிடும். அக்ராஸ் தி ரோடு என்பதில் பிரிபொசிஷனே தொடருக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் எதை எடுப்பது?

அம்மா மாணவி, உங்கள் தாளை ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். சரியாக வந்த ஐந்திலும் ஹெட் கடைசிச் சொல். தப்பான முதல் நான்கிலும் நீங்கள் கோடு போட்டது கடைசிச் சொல். ஐந்தாவதில் கடைசிச் சொல் பெயர்ச்சொல்லாக இல்லையே என்று ஒரு பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து கடைசியில் வைத்தீர்கள்! அதனால் இது குருட்டாம்போக்கு இல்லை, நீங்கள் ஒரே விதியைப் பத்து முறையும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறீர்கள். என்ன, அது தமிழின் விதி.

தமிழில் தலையான சொல், அதாவது ஹெட், வலது கோடியில்தான் நிற்கும். மேசை மேல் இருக்கிற புத்தகம். நேற்று ஊரிலிருந்து வந்த என் மாமாவின் பெரிய பையன். எவ்வளவு நீளமாக இழுத்தாலும் பையன் கடைசியில்தான் வருவான், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். பெயர்த்தொடர் மட்டும் இல்லை, மேசை மேல் என்பதில் மேல் பின்னால் வருகிறது, சோறு சாப்பிட்டான் என்பதில் வினை பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ஆன் தி டேபிள், எய்ட் ரைஸ் என்று தலை முன்னால் நிற்கும். இந்தப் பழக்கங்கள் உலக மொழிகளில் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் என்று மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பர்க் 1963இல் எழுதினார், வினை கடைசியில் வரும் மொழிகளில் மேல், கீழ் போன்ற சொற்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் என்று. நம் மொழி அதற்கு அச்சு அசலான உதாரணம்.

ஆங்கிலப் பெயர்த்தொடர்தான் கொஞ்சம் குழப்படி. ஓல்டு, ரெட், வுடன் போன்ற அட்ஜெக்டிவ் எல்லாம் தமிழ் மாதிரியே தலைக்கு முன்னால் வந்துவிடும், வித், ஆஃப், ஹூ என்று ஆரம்பிக்கும் வால் எல்லாம் பின்னால் போய்விடும். தலை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் நான் வகுப்பில் ஒன்று சொல்வேன்: தொடரைத் தமிழாக்கிப் பாருங்கள், கடைசியில் வந்து விழும் சொல்லைத் திரும்ப ஆங்கிலத்தில் தேடுங்கள். மரக்கால் வைத்த கிழவர், கடைசியில் கிழவர், ஆக மேன். இனிப்பின் மேல் மிகவும் பிரியமான, ஆக ஃபாண்ட். ரோட்டுக்கு நேர் குறுக்கே, ஆக அக்ராஸ். உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிற விதியையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்படி மாணவி எழுதியது:

ஐயா, இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா! தாளை எடுத்து மறுபடி பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எ கப் ஆஃப் டீ மட்டும் இடிக்கிறது. தமிழில் ஒரு கப் டீ. கடைசியில் டீதான் வருகிறது, டீக்குத்தான் சிவப்புச் சுழியும் விழுந்திருக்கிறது.

இரவு ஆந்தை எழுதியது:

ஹா, சார் மாட்டிக்கொண்டார். மொழிபெயர்ப்பு உத்தி நல்ல உத்திதான், நானும் மொழியியல் படித்த காலத்தில் ரகசியமாகப் பயன்படுத்தியிருக்கிறேன், ஆனால் தமிழும் ஆங்கிலமும் ஒரே பொருளை வேறு வேறு தலை வைத்துக் கட்டும் இடங்களில் அது காலை வாரிவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹவுஸ்போட். ஆலப்புழையில் போய் இறங்கினால் தமிழில் அதைப் படகு வீடு என்கிறோம். ஆங்கிலத்தில் அது ஒரு வகைப் போட், ஹவுஸ் என்பது அடை. தமிழில் அதே சாமான் ஒரு வகை வீடு, படகு அடை. ஆங்கிலத்தைத் திருப்பிப்போட்டு போட்ஹவுஸ் என்றால் அது படகு நிறுத்தும் கொட்டகை, ஊட்டியில் ஏரிக்கரையில் இருக்கிறதே படகு இல்லம், அது. மிதக்கும் ஒரே பொருளை ஆங்கிலேயன் படகாகப் பார்க்கிறான், நாம் வீடாகப் பார்க்கிறோம். மொழிபெயர்த்துக் கடைசிச் சொல்லைப் பிடித்தால் ஹவுஸ் என்று எழுதிவிட்டு மார்க்கை விடுவீர்கள்.

இப்போது கப். இரண்டு கப் டீ என்று தமிழில் சொல்லும்போது கப் ஒரு அளவு, அவ்வளவுதான். ஒரு படி அரிசி, ரெண்டு முழம் பூ, மூன்று கிலோ தக்காளி, எல்லாம் ஒரே அச்சு. படி, முழம், கிலோ எதுவும் பன்மை விகுதி வாங்குவதில்லை, எண்ணோடு ஒட்டிக்கொண்டு அடைமாதிரி முன்னால் நிற்கும், தலை பூவும் தக்காளியும். ஆங்கிலத்தில் டூ கப்ஸ் ஆஃப் டீ. எஸ் எங்கே ஒட்டுகிறது? கப்பில். அப்புறம் டீக்கு முன்னால் ஆஃப் வந்து நிற்கிறது, ஆஃபுக்குள் போன பெயர் தொடருக்குத் தலையாக முடியாது, அது ஆஃபின் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டது. குடிப்பது டீ என்பது உண்மைதான், ஆனால் தலை என்பது பொருளில் பெரியது எது என்ற கேள்வி இல்லை, தொடரின் உருவத்தை எது தீர்மானிக்கிறது என்ற கேள்வி. மாணவி அக்காவின் புத்தகத்தில் இருக்கிற ‘முக்கியமான சொல்’ என்ற வரிதான் எல்லா வம்புக்கும் காரணம்.

குரூப்2 கனவு எழுதியது:

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன் என்ற முறையில் ஒன்று. எங்களுக்கு இது வேறு பெயரில் வரும், வாக்கியத்தில் பிழை கண்டுபிடி என்று. ‘தி லிஸ்ட் ஆஃப் செலக்டட் கேண்டிடேட்ஸ் ஹேவ் பீன் பப்ளிஷ்டு.’ கேண்டிடேட்ஸ் பக்கத்தில் இருப்பதால் ஹேவ் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் வெளியானது லிஸ்ட், ஆக ஹேஸ். (அந்த லிஸ்டில் என் பெயர் எப்போது வரும் என்பது தனிக் கேள்வி.) ஹெட் எது என்று பிடித்துவிட்டால் வெர்ப் தானாக வரும், அல்லது வெர்ப் தெரிந்தால் அதை வைத்து ஹெட்டைப் பிடிக்கலாம்.

ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம். தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் என்கிறார்கள், எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் என்கிறார்கள். முன்னால் இருக்கும் ஆர்ட்டிகிள் மாறினால் தலையே மாறிவிடுமா? மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், காரணம் தெரியாது.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் எழுதியது:

ஆந்தை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், படகு வீடு எனக்குத் தோன்றியதே இல்லை, இத்தனை வருடம் பாடம் நடத்தியும்.

கனவு, தி நம்பர் என்றால் உண்மையிலேயே ஒரு எண், அது கூடும் குறையும், அதைப் பற்றித்தான் வாக்கியம் பேசுகிறது. எ நம்பர் ஆஃப் என்றால் ‘பல’ என்று அர்த்தம், அவ்வளவுதான், எண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. எ லாட் ஆஃப் என்பதும் அப்படித்தான். இன்னும் வேடிக்கை லாட்ஸ் ஆஃப். லாட்ஸ் என்று எஸ் போட்டுப் பன்மையாகக் கண்ணெதிரே நிற்கிறது, ஆனாலும் லாட்ஸ் ஆஃப் வாட்டர் இஸ் வேஸ்டட் என்றுதான் எழுத வேண்டும், ஆர் போட்டால் தப்பு. வெர்ப் லாட்ஸைக் கடந்து வாட்டரைப் பார்க்கிறது. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் இந்த மாதிரிச் சொற்களைக் கண்ணாடி மாதிரி என்கிறார்கள், உருவத்தில் லாட்தான் தலை, ஆனால் ஒருமை பன்மை அதன் வழியாக ஊடுருவிப் பின்னால் இருக்கிற பெயரிலிருந்து வரும். கப் கண்ணாடி கிடையாது, டூ கப்ஸ் ஆஃப் டீ ஆர் ஆன் தி டேபிள் என்றுதான் வரும்.

பக்கத்துச் சொல்லைப் பார்த்து வெர்ப் ஏமாறுவது நமக்கு மட்டும் நடப்பதில்லை. காத்ரின் பாக்கும் கரோல் மில்லரும் 1991இல் ஒரு சோதனை செய்தார்கள், ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம் தொடரின் முதல் பாதியைச் சொல்லி வாக்கியத்தை முடிக்கச் சொல்வது. ‘தி கீ டு தி கேபினட்ஸ்’ என்ற மாதிரி, தலை ஒருமை, பக்கத்துச் சொல் பன்மை என்று இருக்கும்போது அவர்களே இஸ்ஸுக்குப் பதில் ஆர் போட்டுவிடுகிறார்கள். திருப்பி, தலை பன்மை, பக்கத்துச் சொல் ஒருமை என்றால் அந்தத் தடுமாற்றம் மிகக் குறைவு.

அடுப்படி மாணவி எழுதியது:

நன்றி ஐயா, நன்றி ஆந்தை. இப்போது மூன்றாவதையும் ஐந்தாவதையும் கேட்டுவிடுகிறேன். அக்ராஸ் என்று தமிழ்க் கணக்கில் வந்துவிட்டது, ஆனால் மனசு ஒப்பவில்லை. பிரிபொசிஷன் போன்ற துக்கடாச் சொல் எப்படித் தலையாகும்? வெரி புவர் இன்னும் மோசம்.

இரவு ஆந்தை எழுதியது:

அக்கா, உங்கள் சந்தேகம் பெரிய ஆட்களுக்கும் இருந்தது. மொழியியலாளர் புளூம்ஃபீல்டு 1933இல் எழுதிய புத்தகத்தில் தொடர்களை இரண்டாகப் பிரித்தார். ஓல்டு மேன் மாதிரி, முழுத் தொடர் வரும் இடத்தில் ஒரு சொல்லை மட்டும் வைத்தாலும் வாக்கியம் நிற்கும் என்றால் தலை உள்ளேயே இருக்கிறது. அக்ராஸ் தி ரோடு மாதிரித் தொடரில் எதை எடுத்தாலும் இடிந்துவிடும், ஆக அதற்கு உள்ளே தலை கிடையாது என்றார். இன்று பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்வதில்லை, பிரிபொசிஷன்தான் தலை என்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. உங்கள் கேள்வியிலேயே ரைட் என்ற சொல் இருக்கிறதே, அது எதைத் தொட்டு நிற்கிறது? ரோட்டையா? ரைட் ரோடு இல்லை, ரைட் அக்ராஸ், நேர் குறுக்கே. ஸ்ட்ரெயிட் இன்டு தி வெல் என்றாலும் ஸ்ட்ரெயிட் இன்டுவைத்தான் பிடிக்கிறது, கிணறு நேராக இல்லை. அடுத்து, பெயரைத் தூக்கிவிட்டாலும் சில இடத்தில் பிரிபொசிஷன் தனியாக நிற்கும். ஹி இஸ் இன் தி ஹவுஸ், ஹி இஸ் இன். ரோடு அப்படித் தனியாக நிற்குமா? ஹி ரேன் தி ரோடு என்றால் வேறு எதுவோ ஆகிவிடும்.

இதோடு நின்றால் பரவாயில்லை, ஸ்டீவன் ஆப்னி 1987இல் எம்.ஐ.டி.யில் கொடுத்த ஆய்வேட்டில், தி ஓல்டு மேன் என்பதற்கே மேன் தலை இல்லை, தி என்ற ஆர்ட்டிகிள்தான் தலை என்று வாதிட்டார். அந்தக் கருத்து மொழியியலில் ஒரு பெரிய பிரிவுக்கு இன்று சாதாரண விஷயம். ஹேஸ் பீன் வெயிட்டிங் என்றால் ஹேஸ்தான் தலை என்பவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் எழுதியது:

ஆந்தை, ஏன் ஐயா பாவம், அந்தம்மா பரீட்சை எழுத வேண்டாமா? அம்மா, தி என்பதற்குக் கோடு போட்டுவைத்து இன்னொரு சிவப்புச் சுழி வாங்காதீர்கள். உங்கள் தாளில் மேன் தலை, வெயிட்டிங் தலை. எம்.ஏ. போகும்போது ஆப்னியைப் பார்த்துக்கொள்ளலாம்.

தி வெரி புவருக்கு வருகிறேன். பீப்பிள் சேர்த்தது கெட்ட யோசனை இல்லை, பொருள் அதுதான். ஆனால் இல்லாத சொல்லுக்குக் கோடு போட முடியாது, இருக்கிறதில் புவர்தான் தலை. அது பெயர்ச்சொல்லாக மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். மாறவில்லை என்பதற்குச் சாட்சி அந்த வெரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வெரி இப்படி ஒட்டாது, வெரி பெக்கர் என்று யாரும் சொல்வதில்லை. புவர்ஸ் என்று எஸ்ஸும் போட முடியாது. ஆனால் வெர்ப் ஆர் என்றுதான் வரும், தி வெரி புவர் ஆர் என்று. அட்ஜெக்டிவாக இருந்துகொண்டே தலையின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. நான் முன்னால் சொன்ன கேம்பிரிட்ஜ் இலக்கணம், இரண்டு வேலையும் ஒன்றாக உருகிப்போன தலை என்று இதை வைத்திருக்கிறது. தமிழில் பரம ஏழைகள் என்று கள் போட்டுப் பெயராகவே ஆக்கிவிடுகிறோம், அதனால் நம் காதுக்கு இந்தச் சிக்கல் கேட்பதே இல்லை.

இன்னொன்று, தலையே இல்லாத கூட்டுச் சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. பிக்பாக்கெட். அது ஒரு வகைப் பாக்கெட்டா? இல்லை. ஒரு வகைப் பிக்கா? அதுவும் இல்லை. பஸ்ஸில் நம் பணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறானே, அவன். சொல்லுக்கு வெளியே நிற்கிறான். நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இது புதிது இல்லை, பொற்றொடி வந்தாள் என்றால் வந்தது தொடியும் இல்லை பொன்னும் இல்லை, அதை அணிந்தவள் என்று அன்மொழித்தொகையில் வைத்தார்கள். தொகையில் பொருள் முதல் சொல்லில் நிற்கலாம், அடுத்த சொல்லில் நிற்கலாம், எல்லாச் சொல்லிலும் சேர்ந்து நிற்கலாம், எதிலும் நிற்காமல் வெளியே போகலாம் என்று நாலாகப் பிரித்தது தொல்காப்பியம், நன்னூலும் அதையே சொல்கிறது. கபிலபரணர் என்றால் இரண்டு பேருமே தலை. ஆங்கில ஹெட்டும் இதுவும் அப்படியே ஒன்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே நிற்கிறது பொருள் என்ற கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

சேலத்து மாம்பழம் எழுதியது:

என் கத்தியை உறையில் போட்டுவிட்டேன் சார். ஆனால் பரீட்சை ஹாலில் தொல்காப்பியம் எல்லாம் நினைவுக்கு வராது, சட்டென்று செய்ய ஒரு வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ் எழுதியது:

பெயர்த்தொடர் என்றால் ஒருமையைப் பன்மையாக்கிப் பாருங்கள், எஸ் எங்கே விழுகிறதோ, அல்லது மேன் மென் ஆவது போல எந்தச் சொல் மாறுகிறதோ, அது. தி ஓல்டு மென் வித் எ வுடன் லெக், ஹவுஸ்போட்ஸ், கப்ஸ் ஆஃப் டீ. மதர் இன் லாவுக்கு மதர்ஸ் இன் லா. பெயர்த்தொடர் இல்லாவிட்டால், பின்னால் வரும் வாலை எந்தச் சொல் கேட்டு வாங்கியது என்று பாருங்கள், ஆஃப் ஸ்வீட்ஸைக் கேட்டு வாங்கியது ஃபாண்ட், வெரி கேட்கவில்லை.

அடுப்படி மாணவி எழுதியது:

தாளை முழுக்கத் திரும்ப எழுதிவிட்டேன், மேன், ஃபாண்ட், அக்ராஸ், கப், புவர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணமும் எழுதியிருக்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். அடுத்த பாடத்தில் பயிற்சிக்குக் கொஞ்சம் இருந்தது, அதையும் போட்டுப் பார்த்தேன். அட்டர்னி ஜெனரல், தலை அட்டர்னி, பன்மை அட்டர்னீஸ் ஜெனரல். கவர்னர் ஜெனரல், தலை கவர்னர். மேஜர் ஜெனரல், தலை மேஜர், மேஜர்ஸ் ஜெனரல். சரிதானே?

ஓய்வுபெற்ற சாக்பீஸ் எழுதியது:

முதல் இரண்டும் சரி. அவை பிரெஞ்சு வழக்கில் வந்த பதவிப் பெயர்கள், ஜெனரல் என்ற அட்ஜெக்டிவ் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, தமிழில் தலைமை வழக்கறிஞர் என்று நாம் அதை இழுத்து முன்னால் வைத்துவிடுகிறோம். மூன்றாவதில் விழுந்துவிட்டீர்கள். மேஜர் ஜெனரல் என்பவர் ஒரு வகை ஜெனரல், மேஜர் இல்லை. அங்கே ஜெனரல் பெயர்ச்சொல், பட்டாளத்துப் பதவி. தலை கடைசியில்தான், மேஜர் ஜெனரல்ஸ். உங்கள் பழைய பழக்கத்தை விடாமல் இருந்திருந்தால் இதில் மார்க் வாங்கியிருப்பீர்கள்.

இரவு ஆந்தை எழுதியது:

சார், இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். நானும் மேஜர்ஸ் ஜெனரல் என்றுதான் இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருந்தேன், இரண்டு பேரைத் திருத்தியும் இருக்கிறேன்.